பெரியவர் பெயர்க்காரர்

போன வாரம் குந்தூஸ் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். அதற்குள் உங்களில் எத்தனை பேருக்கு எத்தனை யூகம்! 'மாப்பிள்ளை அவளுடைய பழைய காதலன்தானே, மறைக்காதீர்கள்' என்று ஒருவர் அடித்தே சொல்கிறார். ஐயா, அதெல்லாம் இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கரகோலில், ஆப்பிள் தோட்டங்களை ஒட்டிய தெருவில் ஜூராவின் வீடு. கணவர் காலமாகிவிட்டார். மகன் தாலாய் தலைநகருக்கு வாடகை வேன் ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். மருமகள் குந்தூஸ் நகரச் சமூகநல அலுவலகத்தில் சமூகப் பணியாளர். ஆதரவில்லாத குழந்தைகளுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுப்பது அவள் வேலை. கடைக்குட்டி பெர்மெத் ஒருவனை விரும்பி, வீட்டிலும் சொல்லி, எல்லோரும் சம்மதித்து, இன்றைக்கு மத்தியானம் பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அவளுக்குத் தோடு போடப் போகிறார்கள். காதில் தோடு ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு.

அந்த மாப்பிள்ளையின் படத்தைப் பெர்மெத் போனில் காட்டியபோதுதான் கிண்ணம் உடைந்தது. ஏனென்றால் அந்த முகம் குந்தூஸுக்குப் பழக்கமான முகம். பனி உருகத் தொடங்கியதிலிருந்து அவன் அவளுடைய அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறான். அவன் அக்கா மாஸ்கோவில் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறாள். கல்யாணமாகாமலே ஒரு பெண் குழந்தையைப் பெற்று, யாருக்கும் தெரியாமல் இதே ஊர்க் குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டுப் போனவள். பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. தம்பிக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குழந்தையைத் தன்னிடம் வளர்க்கக் கொடுங்கள் என்று கேட்கத்தான் அவன் வருகிறான்.

நல்ல காரியம்தானே, வீட்டில் சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் வம்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவர் மனம் விட்டுச் சொன்னதை, இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. கெட்டதை மறைப்பது ஒரு கஷ்டம் என்றால், நல்லதை மறைப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். நாக்கு நுனியிலேயே வந்து நிற்கும்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. மாப்பிள்ளை பெயர் கெரிம்பெக். ஜூராவின் காலமான கணவர் பெயரும் அதுவே. எங்கள் ஊரில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். பழைய தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரையும் சொல்ல மாட்டார்கள். ஆக, அந்த வீட்டுப் பெண்களில் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிப் பேச முடிந்தவள் பெர்மெத் ஒருத்திதான். கதை சொல்கிற எனக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது. கெரிம்பெக், கெரிம்பெக். போதுமா?

சனிக்கிழமை காலை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. குந்தூஸ் மாவைத் தேய்த்துச் சதுரம் சதுரமாக நறுக்கிப் போட, ஜூரா ஜல்லிக்கரண்டியால் பொர்சோக் பொரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். மேஜை முழுக்க அதைப் பரப்பினால்தான் விருந்துக்கு அழகு.

போன் அடித்தது. கூட வேலை பார்க்கிற லாரிசா. குந்தூஸின் இரண்டு கையிலும் மாவு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"குழந்தையை யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ற கமிட்டியைத் திங்கக்கிழமைக்கே மாத்திட்டாங்க. ஒரு ஆளோட மனுவைத்தான் எடுப்பாங்களாம்" என்றாள் லாரிசா. "யாரோடதை முதல்ல வைக்க? அஸாமத்தா, கெரிம்பெக்கா?"

'இரண்டாவது ஆள்' என்று சொல்லியிருந்தால் போதும். கதை இங்கேயே முடிந்திருக்கும், எனக்கும் வேலை இருந்திருக்காது. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊறிப்போன பழக்கம் முந்திக்கொண்டது.

"எங்க வீட்டுப் பெரியவர் பேர்க்காரரோடதை வை" என்றாள் குந்தூஸ்.

சொன்ன பிறகுதான் சுரீரென்றது. பெயரைச் சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் காத்த காப்பு, பெயரைச் சொல்லாமல் விட்டதிலேயே உடைந்துவிட்டது.

ஜூராவின் கரண்டி எண்ணெயிலேயே நின்றுவிட்டது.

"யாரு?"

"ஆபீஸ் விஷயம்மா."

"ஆபீஸ் விஷயத்துல என் புருஷன் பேர் எதுக்கு வருது?"

"ஊர்ல அந்தப் பேர் நெறைய பேருக்கு இருக்கும்மா."

"இருக்கட்டும். நான் வேண்டாங்கலை. 'அது நம்ம மாப்பிள்ளை இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் பாட்டுக்கு என் வேலையைப் பாக்கறேன்."

குந்தூஸ் மாவைப் பார்த்தாள். ஜூராவுக்கு அதுவே போதும். மருமகளுக்குப் பொய் வராது என்பது அவளுக்குத் தெரியும்; அதை வைத்தே பல தடவை ஜெயித்திருக்கிறாள்.

"அடிப்பாவி! அவன் உன் ஆபீஸுக்கு எதுக்கு வரான்? குடியா?"

"அம்மா..."

"முன்னாடியே ஒருத்தி இருக்காளா? ஜெயிலுக்குப் போனவனா? ஏதாவது நோயா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லேன். தலையை ஆட்டினாக்கூடப் போதும்."

"தலையையும் ஆட்ட மாட்டேன். ஒவ்வொண்ணுக்கா இல்லை இல்லைன்னு சொல்லிட்டே வந்தா, எதுல நிறுத்தறேனோ அதைப் பிடிச்சுக்குவீங்க."

"அதுக்குத்தானே கேக்கறேன்!"

அந்த நேரத்திலும் குந்தூஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூராவுக்கு வரவில்லை.

"சிரிப்பு என்ன சிரிப்பு? இது உன் நாத்தனார் வாழ்க்கை. உனக்கு யார் முக்கியம்? ஆபீஸ் படி ஏறி வர்றவனா, இந்த வீட்டுப் பொண்ணா?"

"ரெண்டு பேரும்தான்மா."

"நல்ல பதில். அப்போ எனக்கு என்ன வழி?" ஜூரா கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "சரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். மத்தியானம் சம்பந்தியம்மா வருவாங்க இல்ல? பெத்தவங்களுக்குத் தெரியாததா? அவங்ககிட்டயே கேட்டுக்கறேன். உங்க பையனுக்கு எங்க மருமகளோட ஆபீஸ்ல என்ன வேலைன்னு."

குந்தூஸ் கத்தியைக் கீழே வைத்தாள். பெற்றவளுக்குத்தானே தெரியாது! ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே இந்தக் கேள்வி விழுந்தால் என்ன ஆகும்? மாஸ்கோவிலிருக்கிறவளின் ரகசியம் போகும். தோடு போகும். திங்கட்கிழமைக் கமிட்டியும் போகும். இவ்வளவும் குந்தூஸின் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லால்.

"என்ன கருகுது?" என்று கேட்டுக்கொண்டே பெர்மெத் உள்ளே வந்தாள். தலை நிறையச் சுருள் ஊசிகள். சட்டியில் பொர்சோக் கறுத்து மிதந்தது.

"உன் அண்ணியைக் கேளு" என்று சொல்லிவிட்டு ஜூரா முற்றத்துக்குப் போய்விட்டாள்.

பெர்மெத் கருகியதில் ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் கடித்தாள். "அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு கெரிமைப் பிடிக்கலையா? போட்டோ பாத்த நாள்லேர்ந்து உங்க முகமே சரியில்லை."

"அப்படியெல்லாம் இல்லை, குட்டி." வழக்கப்படி நாத்தனார் பெயரையும் குந்தூஸ் சொல்வதில்லை, குட்டிதான்.

"பின்னே?"

தோடு போடும் முன் அவனிடம் ஒரு தடவை கேள் என்று சொல்லலாம். ஆனால் என்ன கேட்க என்பாள். ஏன் கேட்க என்பாள். அப்படி ஒரு வார்த்தை சொல்வதும் எல்லாவற்றையும் சொல்வதும் ஒன்றுதான். குந்தூஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாலாடை தீந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடறேன்" என்று ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பாலாடை நிஜமாகவே தீர்ந்திருந்தது. இவளுக்குத்தான் பொய் வராதே.

தோடு போடும் நாளில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வர மாட்டான். பெண்கள் காரியம் அது. கெரிம்பெக் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கிற பட்டறையில், ஒரு பழைய காரின் வயரிங்கில் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா! நீங்களா! எல்லாம் ரெடியா? எங்கம்மா காலையிலேர்ந்து தலைத்துணியை மாத்தி மாத்திக் கட்டிட்டு இருக்காங்க."

"தம்பி, உங்ககிட்ட ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். போன் வந்தது, மாவுக் கை, வாயில் வந்துவிட்ட வார்த்தை. மாமியாருக்கு அவன் வருவது தெரியும், எதற்கு என்பது தெரியாது. மத்தியானம் அவன் அம்மாவிடமே கேட்கப்போகிறாள்.

கெரிம்பெக் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "என் பேரைச் சொல்லாமயே என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்க?"

"ஆமா."

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. "ஐயோ அக்கா. உங்களை நம்பி என் வீட்டு மானத்தையே கொண்டுவந்து வெச்சேனே."

"தெரியும். நான் சாக்குச் சொல்ல வரலை. பெர்மெத் கட்டிக்கப் போற ஆள் நீங்கதான்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் உங்க கேஸ்லேர்ந்து விலகியிருக்கணும். குழந்தை என்கிட்ட ஒட்டிக்கிட்டா. கமிட்டி முடியட்டும், முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். அது முதல் தப்பு. இது ரெண்டாவது." கோபமெல்லாம் தன்மேலேயே இருந்தது. பதற்றத்தில் நாத்தனார் பெயரைச் சொல்லிவிட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "இனிமே லாரிசா பாப்பாங்க. என் மேல புகார் குடுக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. எங்கே, எப்படிக் குடுக்கணும்னு நானே சொல்றேன்."

"புகார் குடுத்து நான் என்ன பண்ண! இன்னைக்கு மத்தியானத்துக்கு வழி சொல்லுங்க." அவன் காரின் மூடியை அடித்துச் சாத்தினான். பிறகு திடீரென்று திரும்பினான். "அக்கா, நீங்களே பெர்மெத்கிட்ட சொல்லிடுங்களேன். நான்தானே உங்க கட்சிக்காரன்? நானே சம்மதம் தரேன். நீங்க சொன்னா அவ கேப்பா."

குந்தூஸுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று வீட்டுக்கு ஓடலாம். நாத்தனாரைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டலாம். மாமியாரின் முகத்தைப் பார்க்கலாம்.

"வேண்டாம் தம்பி" என்றாள்.

"ஏன்? நான்தான் சொல்றேனே!"

"'நீங்க ஏன் அண்ணி முன்னாடியே சொல்லலை'ன்னு அவ கேப்பா. அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. 'அவர் ஏன் என்கிட்ட சொல்லலை'ன்னு கேப்பா பாருங்க, அதுக்கு நான் என்ன சொல்ல? அதுக்குப் பதில் உங்ககிட்டதான் இருக்கு."

அவன் சாத்திய மூடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"முதல் நாளே சொன்னேன் இல்லையா, கூட வாழப்போறவளுக்குத் தெரியாம கமிட்டி குழந்தையைக் குடுக்காதுன்னு? கமிட்டியை விடுங்க. அந்தக் குழந்தைக்குத் தினமும் தலை வாரி விடப் போறவ யாரு? அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"சொன்னா விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு அக்கா."

"போகலாம். அதுக்கும் அவளுக்கு உரிமை இருக்கு. தோடு போட்டப்புறம் தெரிஞ்சா, போகவும் முடியாது, இருக்கவும் முடியாது."

அவன் போனை எடுத்து மாஸ்கோவுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. "ஷிஃப்ட்ல இருப்பா" என்று முணுமுணுத்தான். "அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கா."

வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் எங்களுக்குத் தூக்கம் வராது. அந்தக் குழப்பத்திலும் அவன் மேஜையிலிருந்த ரொட்டியை நீட்டினான். குந்தூஸ் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பாலாடை வாங்க நடந்தாள். தான் சொன்னது சரிதானா என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு போனாள். 

மத்தியானம் பிள்ளை வீட்டார் வந்தார்கள். கெரிம்பெக்கின் அம்மா குல்சுன், கூட அவள் ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. குல்சுன் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. பருத்த உடம்பு, குறைந்த பேச்சு. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கிற கண்கள். பெர்மெத்தின் நெற்றியில் முத்தமிட்டு, "என் கண்ணு" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

மேஜையில் பொர்சோக், பாதாமி ஜாம், பாலாடை. குந்தூஸ் வெந்நீர் கொதிக்கிற சமோவார் பக்கத்தில், தேநீர் ஊற்றுகிற இடத்தில். எங்கள் வீடுகளில் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவோம். மறுபடி மறுபடி ஊற்றிக் கொடுப்பதில்தான் மரியாதை. விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால், 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம்.

ஊர்க்கதை ஓடியது. மழை, புல், கறி விலை. ஜூரா எதிலும் சேரவில்லை. தொண்டையைக் கனைத்தாள்.

"சம்பந்தியம்மா, மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு வெளியில ஒண்ணைப் பேச எனக்குத் தெரியாது. ஒண்ணு கேக்கணும். உங்க பையன் எங்க..."

குந்தூஸ் அப்போது குல்சுனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றினாள், ஊற்றினாள், கிண்ணம் ததும்பித் தட்டில் வழிந்தது. அதை அப்படியே இரண்டு கையாலும் நீட்டினாள்.



வேண்டுமென்றே செய்தாளா, கைதவறியா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளைக் கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

குல்சுன் கிண்ணத்தைப் பார்த்தாள், குந்தூஸைப் பார்த்தாள். "ஏம்மா, நான் இன்னும் ஒழுங்கா உக்காரக்கூட இல்லையே. அதுக்குள்ள வாசலைக் காட்டறியே" என்றாள்.

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஜூராவுக்கு ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறிவிட்டது. "ஐயோ சம்பந்தியம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க! நல்ல பொண்ணு அவ. ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, தூக்கமே கிடையாது அவளுக்கு..." என்று மருமகளுக்காக மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, கேட்க வந்த கேள்வியை மறந்தே போனாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெர்மெத்தின் போன் அடித்தது. திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்து முற்றத்துக்குப் போனாள்.

ஜன்னல் வழியே குந்தூஸுக்குத் தெரிந்தது. பெர்மெத் முதலில் நடந்துகொண்டே பேசினாள். பிறகு நின்றாள். பிறகு ஆப்பிள் மரத்தடியில், புது உடுப்பு அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். வாய் அசையவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சொல்கிறான், என்று நினைத்துக்கொண்டாள் குந்தூஸ். கறித் தட்டை எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்து, பின்வாசலைப் பார்த்தபடி நின்றாள். 

பெர்மெத் பின்வாசல் வழியே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியும்."

குந்தூஸ் எடுத்த கறித் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் உடுப்புத் தைச்சு, ஊசி சுத்தி, கனவு கண்டுட்டு இருந்தேன். நீங்க பாத்துட்டே இருந்தீங்க இல்ல அண்ணி?"

"ஆமா" என்றாள் குந்தூஸ். அந்த ஒன்று அவளுடைய சொந்த விஷயம், அதைச் சொல்லலாம். "பாத்துட்டேதான் இருந்தேன். என்னைத் திட்டு, குட்டி. எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

"திட்டத்தான் வந்தேன்." பெர்மெத் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். மை இழுபட்டது. "அழறாரு. என்கிட்ட மறைச்சதுக்கு அழறாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு புருஷனை அழவெச்சவ நானாத்தான் இருப்பேன்." சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் குழந்தை எப்படி இருப்பா அண்ணி? பேசுவாளா? யார்கிட்டயும் வர மாட்டாளா?"

எப்படி இருப்பாள்! பொத்தான்களைக் கண்டால் விட மாட்டாள். முதல் நாளே குந்தூஸின் கோட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டவள். சொல்ல எவ்வளவோ இருந்தது.

"அவர்கிட்ட கேளு. நேர்ல போய்ப் பாரு. நான் சொல்லக் கூடாது."

"இப்போகூடவா?"

"இப்போகூட."

பெர்மெத் அவளை முறைத்தாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடி பார்த்து மையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

தோடு போடுகிற நேரம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். குல்சுன் பெட்டியைத் திறந்தாள். நடுவில் சிவப்புக் கல் வைத்த வெள்ளித் தோடுகள். முதல் காதில் மாட்டினாள். தலைக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்தினாள்.

"நல்லா இரு. அடுத்த வருஷம் என் மடியில ஒரு பேத்தியைக் கொண்டாந்து போடு. பேரனா இருந்தாலும் பரவாயில்லை. ஆனா எனக்குப் பேத்திதான் ஆசை."

இரண்டாவது தோட்டை எடுத்தாள். பெர்மெத் இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இது இன்னைக்கு வேண்டாம் அத்தை."

"ஏய்! என்னடி பண்றே?" என்று ஜூரா பதறினாள்.

"இரும்மா." பெர்மெத்தின் கை இறங்கவில்லை. "அத்தை, எனக்கு உங்க பையனைப் பிடிச்சிருக்கு. சம்மதம். ஆனா அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என்கிட்ட இப்போதான் சொன்னார். எனக்குத் தெரிஞ்சு உங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன். அவர் சொல்லட்டும். சொன்னப்புறமும் உங்களுக்கு நான் வேணும்னா, நீங்களே வந்து இதைப் போடுங்க."

பக்கத்து வீட்டுக்காரி 'த்சொ' என்றாள். நாளைக்குள் ஊர் முழுக்க இது சுற்றிவரும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜூரா மேஜையைப் பிடித்துக்கொண்டு மருமகளைப் பார்த்த பார்வையில் ஆயிரம் கேள்வி. குந்தூஸ் தரையைப் பார்த்தாள்.

குல்சுன் மட்டும் பதறவில்லை. தோட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"கறி ஆறிடப் போகுது. பரிமாறுங்க" என்றாள்.

சாப்பிட்டார்கள்.  வழக்கப்படி சம்பந்திகளுக்கு வெள்ளைத் தலைத்துணிகளை ஜூரா பரிசாகக் கொடுத்தாள். கொடுக்கும்போதும் அவள் கண் அந்த மூடிய கையைத்தான் பார்த்தது.

கிளம்பும்போது மற்ற இருவரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். செருப்பு கழற்றுகிற நடையில் குந்தூஸ் குல்சுனுக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குல்சுன் ஒரு கையை நுழைத்தவள் அப்படியே நின்றாள்.

"உன் ஆபீஸ் குழந்தைங்க ஆபீஸ்தானே?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஆமாம்மா."

"என் பையன் கடைத்தெருவுல சின்ன ஃபிராக் வாங்கறதைப் பாத்தேன். யாருக்குடான்னேன். கஸ்டமர் குழந்தைக்குன்னான். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் சைஸ் கொஞ்சம் பெருசு."

குந்தூஸ் கோட்டின் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"என் பொண்ணு போன்ல முகம் காட்டிப் பேசுவா. இங்கே தெருவுல எங்கேயாவது ஒரு குழந்தை அழுதா, அங்கே அவ பேச்சு நின்னுடும். பெத்தவ நான். எனக்குத் தெரியாதா? கேக்கலை. கேட்டா போன் எடுக்கறதையும் நிறுத்திடுவாளோன்னு பயம். இன்னைக்கு இந்தப் பொண்ணு காதைப் பொத்தினதும் எல்லாம் சேந்துடுச்சு." குல்சுனின் கண் நிறைந்துவிட்டது. "நான் வேற எதுவும் கேக்கலை. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். யார் ஜாடைன்னு மட்டும் சொல்லு."

யார் ஜாடை! எதிரே நிற்கிற இந்த முகம்தான். இதே அகன்ற நெற்றி, இதே கன்னத்துக் குழி, எதையும் விடாமல் பார்க்கிற இதே கண். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையில் இந்தத் தாயின் வயிறு குளிர்ந்துவிடும்.

குந்தூஸுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. "என்னால சொல்ல முடியாதும்மா. மன்னிச்சுக்குங்க. நீங்க கேக்க வேண்டிய இடம் நான் இல்லை."

குல்சுன் இன்னொரு கையையும் கோட்டில் நுழைத்துக்கொண்டாள். "உன் மாமியார் காலையிலேர்ந்து உன்னைக் குடைஞ்சிருக்காங்க. அவங்க முகத்துலயே எழுதி இருக்கு. அவங்களுக்கும் நீ சொல்லலை. உன் நாத்தனாருக்கும் சொல்லலை. எனக்கும் சொல்லலை." மூடிய கையைத் திறந்து, அந்த ஒற்றைத் தோட்டை குந்தூஸின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும். உன்கிட்ட குடுத்தது வெளியே போகாது."

குந்தூஸுக்கு அது சூடு வைத்த மாதிரி இருந்தது. வெளியே போகாதா? காலையில்தானே, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று, இந்த அம்மாளின் பிள்ளை ரகசியத்தை வெளியே விட்டாள்! தன் வாயால்தானே!

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். காலையில என்னால..."

குல்சுன் காதில் வாங்கவில்லை. படியிறங்கிப் போய் ஓரகத்தியிடமும் பக்கத்து வீட்டுக்காரியிடமும் ஏதோ சொன்னாள். அவர்கள் இருவரும் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்கள். குல்சுன் மட்டும் எதிர்ப் பக்கம் திரும்பினாள். அந்தத் தெரு குழந்தைகள் இல்லத்தில் போய் முடிகிறது.

"மருமகளே! கையில என்ன?" என்று உள்ளேயிருந்து ஜூராவின் குரல் வந்தது.

குந்தூஸ் தோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க, அந்த அம்மாளின் பின்னால் தெருவில் ஓடினாள்.